பிள்ளைக்கு ஒரு படிப்பு மேசை



மாலை ஏழு மணிக்கு நம் தோட்டத்து வீடுகளுக்குள் சற்றே எட்டிப் பார்ப்போம். கூடத்தில் தொலைக்காட்சி பேசிக்கொண்டிருக்கும். அடுப்பங்கரையில் தாளிக்கும் ஓசை கேட்கும். பாட்டி ஒரு பக்கம் வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பார். இவற்றுக்கு நடுவே, முதலாம் ஆண்டிலோ இரண்டாம் ஆண்டிலோ படிக்கும் நம் பிள்ளை தரையில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும். யாராவது நடந்தால் புத்தகத்தை இழுத்துக்கொள்ளும். சாப்பாட்டு நேரம் வந்தால் எல்லாவற்றையும் சுருட்டிப் பைக்குள் திணித்துவிட்டு எழுந்துவிடும். இப்படிப்பட்ட பிள்ளையைப் பார்த்து, "இவனுக்குப் படிப்பில் நாட்டமில்லை" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். படிப்பதற்கென்று ஓர் இடம் அவனுக்கு இருந்ததா என்று நாம் கேட்டுப் பார்ப்பதில்லை.

இன்றைய பேச்சில் அந்த இடத்தை நம் கையாலேயே உண்டாக்கிக் கொடுப்பது எப்படி என்பதைப் பற்றிச் சிந்திப்போம். ஒரு சிறிய மேசை, அதற்கு ஏற்ற ஒரு சிறிய விசிப்பலகை. இவற்றைத் தாய், தந்தை, பிள்ளைகள், தாத்தா பாட்டி எல்லாரும் சேர்ந்து வீட்டு வாசலிலேயே செய்து, சாயம் பூசி முடிக்கலாம். நான்கு ஓய்வு நாள்கள் போதும். மேசை வந்துவிட்டால் பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்துவிடும் என்று நாம் சொல்லப்போவதில்லை. ஆனால், 'என் படிப்புக்காக என் வீட்டார் உழைத்தார்கள்' என்ற எண்ணம் அந்தப் பிள்ளையின் மனத்தில் பதியும். அந்த எண்ணத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

"நமக்கே எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது, பிள்ளைக்கு எப்படி உதவுவது?" என்று கவலைப்படும் பெற்றோர் நம்மிடையே உண்டு. பாடம் சொல்லிக்கொடுக்க இயலாத தந்தையும் பாடம் எழுத ஒரு மேசையைச் செய்து கொடுக்கலாம் அல்லவா? கத்தியைத் தீட்டி, மரத்தின் உயிர்த்தோல் காயப்படாமல் மயிரிழை கனத்துக்குப் பட்டையைச் சீவத் தெரிந்த கைகள் நம்முடையவை. அந்தக் கைகளுக்கு ஒரு பலகையை நேராக அறுப்பது பெரிய வித்தையல்ல.

முதலில் மரத்தைப் பற்றிப் பேசுவோம். நாம் நாள்தோறும் தொட்டுப் பழகிய மரம் ரப்பர் மரம். நம் பெரியவர்கள் அதைக் கித்தா மரம் என்பார்கள். 1877ஆம் ஆண்டு லண்டன் மாநகரின் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 கன்றுகளிலிருந்து இந்த நாட்டில் அதன் கதை தொடங்குகிறது. ஒரு ரப்பர் மரம் ஏறக்குறைய 25 முதல் 30 ஆண்டுகள் வரை ஆதாயமாகப் பால் கொடுக்கும். அதன் பிறகு அதை வெட்டி மறுநடவு செய்வார்கள். வெட்டிய மரம் முன்னாளில் எதற்குப் பயன்பட்டது? அடுப்புக்கும் ரப்பர்த் தகடுகளை உலர்த்தும் புகைக்கூடத்துக்கும் விறகாயிற்று. மீதியைக் காட்டிலேயே குவித்துக் கொளுத்தினார்கள்.

காரணம் இல்லாமல் இல்லை. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி. மரம் சாய்ந்த சில நாள்களிலேயே பூஞ்சணம் ஏறி நீலக்கறை படியும். அதன் பின்னர் வண்டு துளைத்து மரம் உளுத்துப்போகும். பலகையாக அறுத்தவுடன் போரான் கலந்த மருந்தை மரத்தின் உள்வரை ஏற்றி, சூளையில் உலர்த்தினால் இந்தக் கேடு வராது என்பதை ஆராய்ச்சியாளர்கள் நடைமுறையில் காட்டினார்கள். 1970களின் இறுதியிலிருந்து ரப்பர் மரம் தளவாடத் தொழிலுக்குள் புகுந்தது. இன்று மலேசியா ஏற்றுமதி செய்யும் மரத் தளவாடங்களுக்கு அதுவே முதன்மையான மரம். ஜொகூரில் உள்ள மூவார் நகரம் இந்தத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. விறகாய்ப் போன மரம் இன்று கடல் கடந்த வீடுகளில் சாப்பாட்டு மேசையாக நிற்கிறது. அந்த மரத்தை வளர்த்துக் காத்த குடும்பத்தின் பிள்ளை தரையில் படுத்து எழுதலாமா?

ஆனால், ஓர் எச்சரிக்கை. மறுநடவுக்காக வெட்டிப்போட்ட பச்சை மரத்தை இழுத்து வந்து மேசை செய்ய முனைய வேண்டாம். மருந்தேற்றாத மரம் விரைவில் உளுத்துவிடும். மருந்தேற்றுவதும் வீட்டில் செய்யக்கூடிய வேலையன்று. மருந்தேற்றி உலர்த்திய மரமாகவே தேட வேண்டும். தளவாடத் தொழிற்சாலைகளிலும் மர ஆலைகளிலும் துண்டு மரங்கள் கழியும். கேட்டால் மலிவாகக் கொடுப்பார்கள். சில இடங்களில் சும்மாவே கிடைக்கும். பலகையில் ஊசிமுனை அளவு துளைகளும், தட்டினால் உதிரும் மாவு போன்ற தூளும் இருந்தால் அது உளுத்த பலகை. அதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. ஒன்றில் இருக்கும் வண்டு மற்றவற்றுக்கும் பரவும்.

சரக்குகளை அடுக்கும் மரத்தட்டுகள் இன்னொரு வழி. தொழிற்சாலைகளின் பின்புறம் இவை கழித்துப் போடப்பட்டிருக்கும். உரியவர்களிடம் கேட்டு, அனுமதி பெற்றே எடுத்து வர வேண்டும். நாடு விட்டு நாடு செல்லும் மரத்தட்டுகளில் ஒரு முத்திரை சுட்டிருப்பார்கள். அதில் 'எச்.டி.' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தால், மரத்தின் நடுப்பகுதி 56 பாகை வெப்பத்தில் 30 நிமிடம் இருக்குமாறு சூடேற்றிப் பூச்சி கொல்லப்பட்டது என்று பொருள். அதைப் பயன்படுத்தலாம். 'எம்.பி.' என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுப்புகை இட்டது என்று பொருள். அதை விட்டுவிடுங்கள். எண்ணெய்க் கறையோ இரசாயன வாடையோ உள்ள தட்டுகளும் வேண்டாம்.

தோட்டத்தில் இருக்கும் நமக்குத் தனியாக ஒரு சொல். களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் வந்த பெட்டிகளின் பலகையைப் பிள்ளைகளின் பொருளுக்கு ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம். நச்சு மரத்தில் ஊறியிருக்கும். தார் எண்ணெயில் ஊறிய பழைய இரயில் தண்டவாளக் கட்டைகள், மின்கம்பத் துண்டுகள் ஆகியவையும் ஆகா. வேலிக்கும் வெளிக்கட்டடத்துக்கும் மருந்தேற்றிய, பச்சை நிறம் ஓடிய கட்டைகளில் ஆர்செனிக் என்னும் நஞ்சு இருக்கக்கூடும். அவற்றை அறுக்கவும் வேண்டாம், அடுப்பில் எரிக்கவும் வேண்டாம்.

இனி அளவைப் பற்றிப் பார்ப்போம். கடையில் வாங்கும் மேசை பெரும்பாலும் பெரியவர்களுக்கானது. அதில் அமரும் பிள்ளையின் கால் தரையில் படாமல் தொங்கும். தோள் காது வரை உயரும். சிறிது நேரத்திலேயே முதுகு வலிக்கும், பிள்ளை எழுந்து ஓடும். நாம் அதைக் குறும்பு என்போம். ஆகவே, பிள்ளையை அளந்துதான் மேசையை அளக்க வேண்டும். பிள்ளையை நேராக உட்கார வைத்து, பாதம் தரையில் பதிய, முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரை அளந்து பாருங்கள். அதுதான் இருக்கையின் உயரம். உட்கார்ந்தபடியே கையை மடக்கினால் முழங்கை நிற்கும் உயரத்துக்குச் சற்று மேலே மேசைப் பலகை இருக்க வேண்டும்.

பள்ளித் தளவாடங்களுக்கு ஐரோப்பிய நாடுகள் வகுத்துள்ள அளவுமுறை ஒன்று உண்டு. அது நமக்கும் துணை செய்யும். ஏறத்தாழ 108 முதல் 121 சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளைக்கு இருக்கை 31, மேசை 53 சென்டிமீட்டர். 119 முதல் 142 வரை உயரமுள்ள பிள்ளைக்கு இருக்கை 35, மேசை 59. முதலாம் ஆண்டுக்குச் செல்லும் ஏழு வயதுப் பிள்ளைகளுள் பலர் முதல் அளவில் அடங்குவர். அதையே நாம் எடுத்துக்கொள்வோம். பிள்ளை வளர்ந்ததும் மேசையையும் உயர்த்துவதற்கு வழி உண்டு. அதைப் பின்னர் சொல்கிறோம்.

பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள். அளவுகளை மெதுவாகச் சொல்கிறோம். எல்லாம் சென்டிமீட்டரில்.

முதலில் மேசை. மேல்பலகைக்கு 75 நீளமும் 9 அகலமும் உள்ள பலகைகள் ஐந்து. கால்களுக்கு 51 நீளத்தில் நான்கு கட்டைகள். சட்டத்துக்கு 6 அகலமுள்ள பலகையில் 70 நீளத்தில் இரண்டு, 36 நீளத்தில் ஐந்து, 66 நீளத்தில் ஒன்று. பலகைகள் எல்லாம் 2 சென்டிமீட்டர் கனம். கால் கட்டைகள் இரண்டங்குலச் சதுரம், அதாவது ஏறக்குறைய 5 சென்டிமீட்டர். இழைத்த கட்டை இதைவிடச் சற்று மெலிந்திருக்கும். பாதகமில்லை.

அடுத்து விசிப்பலகை. இருக்கைக்கு 50 நீளமும் 9 அகலமும் உள்ள பலகைகள் மூன்று. கால்களுக்கு 29 நீளத்தில் நான்கு. சட்டத்துக்கு 6 அகலமுள்ள பலகையில் 46 நீளத்தில் இரண்டு, 19 நீளத்தில் நான்கு. இந்த விசிப்பலகை மேசையின் கால்களுக்கு இடையே முழுதாக உள்ளே போய்விடும். லயத்து வீட்டின் சிறிய கூடத்தில் இடம் அடைக்காது.

இங்கேயே பிள்ளைக்கு முதல் கணக்கைக் கொடுக்கலாம். "நாலு கால் 51, இன்னும் நாலு கால் 29. மொத்தம் எவ்வளவு கட்டை வேண்டும், சொல்லம்மா" என்று கேளுங்கள். நான்கு ஐம்பத்தொன்று 204. நான்கு இருபத்தொன்பது 116. மொத்தம் 320. பன்னிரண்டு அடிக் கட்டை ஏறக்குறைய 366 சென்டிமீட்டர். ஆகவே ஒரு கட்டை போதும், வாளின் கழிவு போகவும் மிஞ்சும். புத்தகத்தில் கசக்கும் கணக்கு, கட்டைக்கு முன்னால் இனிக்கும்.

கருவிகள் அதிகம் வேண்டியதில்லை. ஒரு கைவாள், அளவுநாடா, மூலைமட்டம், துளைக்கருவி, திருப்புளி, உப்புத்தாள். ஒரு வீட்டில் எல்லாம் இருக்காது. லயத்தில் நான்கு வீடு சேர்ந்தால் எல்லாம் இருக்கும். இரவல் வாங்கிய கருவியைத் துடைத்து, எண்ணெயிட்டுத் திருப்பிக் கொடுப்பதும் பிள்ளைகள் பார்த்துக் கற்க வேண்டிய பாடமே. ஆணிக்குப் பதிலாகத் திருகாணியையும் மரப்பசையையும் பயன்படுத்துங்கள். ரப்பர் மரம் ஓரத்தில் ஆணி அடித்தால் பிளக்கும். திருகாணிக்கு முன்பு அதைவிட மெல்லிய துளை ஒன்றைப் போட்டுக்கொள்ள வேண்டும். நாலு சென்டிமீட்டர், அதாவது ஒன்றரை அங்குலத் திருகாணி இந்த வேலைக்குப் பொருந்தும்.

முதல் ஓய்வு நாளில் அளந்து அறுப்போம். ஒரு வாளோட்டத்துக்கு முன் இரண்டு முறை அளப்பது நல்ல பழக்கம். நான்கு கால்களையும் தனித்தனியே அளக்காமல், முதலில் அறுத்த காலை மாதிரியாக வைத்து மற்ற மூன்றையும் குறித்தால் வித்தியாசம் வராது. இதற்கு மழை நாளும் உதவும். மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாத நாளின் வருமான இழப்பை நினைத்து வீட்டில் முகங்கள் சுருங்கியிருக்கும். அன்று அஞ்சடியில் நாலு பலகையை எடுத்துப் போட்டுக்கொண்டு குடும்பமே உட்கார்ந்தால், அந்த நாள் வீணாய்ப் போகவில்லை என்ற நிறைவாவது மிஞ்சும்.

இரண்டாம் நாளில் பொருத்துவோம். இரண்டு 70 பலகைகளையும் முன்னும் பின்னுமாக வைத்து, அவற்றுக்கு இடையே இரு முனைகளிலும் நடுவிலும் 36 பலகைகள் மூன்றை நிறுத்துங்கள். ஒரு பெட்டிச் சட்டம் உருவாகும். சட்டத்தின் நான்கு உள்மூலைகளிலும் கால்களை நிறுத்தி, பசை தடவி, வெளியிலிருந்து ஒவ்வொரு பக்கமும் இரண்டு திருகாணி முடுக்குங்கள். முடுக்குமுன் மூலைமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். மீதியுள்ள 36 பலகைகள் இரண்டும், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பக்கத்துக்கு ஒன்றாக முன்காலையும் பின்காலையும் இணைக்கும். 66 பலகை அதே உயரத்தில் பின்கால்கள் இரண்டையும் இணைக்கும். முன்பக்கம் பிள்ளையின் கால் நீட்ட வெறுமையாக இருக்கட்டும். பிறகு மேல்பலகைகளை இடைவெளி இல்லாமல் நெருக்கி வைத்து, நாற்புறமும் இரண்டரை சென்டிமீட்டர் வெளியே நீளுமாறு முடுக்கிவிடுங்கள். திருகாணித் தலை மரத்துக்குள் சற்றே அமிழ வேண்டும். விசிப்பலகைக்கும் இதே முறைதான். நடுச்சட்டமும் பின்சட்டமும் அதற்குத் தேவையில்லை.

நிறுத்திப் பார்க்கும்போது பெரும்பாலும் ஒரு கால் ஆடும். அப்போது வீட்டில் இப்படி ஒரு பேச்சு நடக்கும்.

"அப்பா, நாலு காலும் ஒரே அளவுதானே? அப்புறம் ஏன் ஆடுது?"

"மேசை ஆடுதா, தரை ஆடுதான்னு முதல்ல பாரு ஐயா."

அந்தத் தந்தை சொல்வது சரியே. மேசையைச் சிறிது திருப்பி வைத்துப் பார்த்தால், குற்றம் தரையிலா காலிலா என்று தெரிந்துவிடும். திருப்பி வைத்தும் அதே மூலைதான் ஆடுகிறது என்றால், சமமான இடத்தில் வைத்து, அந்தக் காலின் அடியில் எத்தனை தாள் நுழைகிறது என்று பாருங்கள். அந்தக் காலுக்கு இரு பக்கமும் அடுத்துள்ள கால்கள் இரண்டையும் அந்தத் தாள்களின் கனத்தில் பாதியளவுக்கு உப்புத்தாளால் தேய்த்தால் போதும். மூன்று கால் முக்காலி எங்கே வைத்தாலும் ஆடாது, நாலு கால் ஆடும். ஏன் என்று பிள்ளையைச் சிந்திக்கச் சொல்லுங்கள். அறிவியல் என்பது இதுதான்.

யார் எந்த வேலையைச் செய்வது? மின்துளைக் கருவியைப் பெரியவர்கள் மட்டுமே தொட வேண்டும். பதினொரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பெரியவர் பக்கத்தில் இருக்கக் கைவாளும் திருப்புளியும் பழகலாம். ஏழு முதல் பத்து வயதினர் அளக்கலாம், குறிக்கலாம், தேய்க்கலாம், சாயம் பூசலாம். அதற்கும் சிறியவர்களுக்கு ஈரத்துணியால் துடைக்கும் வேலையைக் கொடுங்கள். திருகாணிகளை அவர்கள் கைக்கு எட்டவிட வேண்டாம். வாய்க்குள் போய்விடும். பார்வை குன்றிய பாட்டிக்கும் ஒரு வேலை உண்டு. தேய்த்த பலகையின் மேல் உள்ளங்கையை ஓட்டிச் சிராய் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல அவரைவிடப் பொருத்தமானவர் யார்? "இந்த ஓரம் இன்னும் குத்துதுடா கண்ணு" என்று அவர் சொன்னால் மறுபடியும் தேய்க்க வேண்டியதுதான். பெண்பிள்ளைகளைத் தண்ணீர் கொண்டுவரும் வேலைக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள். வாளும் மூலைமட்டமும் ஆண்பிள்ளை என்றும் பெண்பிள்ளை என்றும் பார்ப்பதில்லை.

மூன்றாம் நாள், தேய்ப்பதும் முதல் பூச்சும். முதலில் 80 எண் உப்புத்தாள், பிறகு 120, கடைசியாக 180. எண் ஏற ஏறத் தாள் மென்மையாகும். மர இழை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். கூர்மையான மூலைகளையும் விளிம்புகளையும் உருட்டிவிடுங்கள். ஓடிவரும் குழந்தையின் நெற்றி உயரத்தில்தான் மேசையின் மூலை இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். மரத்தூள் நெஞ்சுக்கு ஆகாது. இந்த வேலையை வீட்டுக்கு வெளியே, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு செய்யுங்கள். திருகாணிக் குழிகளில் மக்கு வைத்து, காய்ந்தபின் மீண்டும் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலர்ந்ததும் முதல் பூச்சைக் கொடுக்கலாம்.

சாயத்தைப் பற்றி நாம் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. பழங்காலச் சாயங்களில் நிறத்துக்காகவும் விரைவாக உலர்வதற்காகவும் ஈயம் சேர்த்தார்கள். பளிச்சென்ற மஞ்சளிலும் சிவப்பிலும் அது மிகுதியாக இருந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். உடலுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர்கள் ஏற்பதைப்போல நாலைந்து மடங்கை இளம் பிள்ளைகளின் உடல் ஏற்றுக்கொள்கிறது. இவ்வளவு ஈயம் இருந்தால் கேடில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. அமெரிக்கா 1978இல் வீட்டுச் சாயங்களில் ஈயத்தைத் தடுத்தது. படிப்புக்காகச் செய்யும் மேசையே படிக்கும் மூளையைக் கெடுத்துவிடக் கூடாதல்லவா? ஆகவே, ஈயம் சேராதது என்று டப்பாவில் குறிப்பிட்டிருக்கும், தண்ணீரில் கரையும் சாயத்தையே கேட்டு வாங்குங்கள். வேலை செய்த இடத்தில் மிஞ்சிய, பெயர்ச்சீட்டு இல்லாத டப்பாச் சாயம் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். பழைய கதவு, சன்னல், தொட்டில் ஆகியவற்றின் சாயத்தை உப்புத்தாளால் சுரண்டவும் வேண்டாம். அந்தத் தூளில்தான் ஆபத்து இருக்கிறது.

நான்காம் நாள், வண்ணம். நிறத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். மேல்பலகைக்கு மட்டும் வெளிர்நிறமாகவும் மினுக்கம் இல்லாததாகவும் இருந்தால் விளக்கொளி கண்ணில் அடிக்காது. கால்களும் சட்டங்களும் அவர்கள் விருப்பம்போல் நீலமோ பச்சையோ ஆகட்டும். கனமாக ஒரு பூச்சுப் பூசுவதைவிட மெல்லியதாக இரண்டு பூச்சுப் பூசுவது நல்லது. கனத்துப் பூசினால் வழிந்து கண்ணீர்த்துளி போல் உறைந்துவிடும். வெயில் உள்ள நாளாகப் பார்த்து, ஆனால் நேர்வெயில் படாத நிழலில் பூசுங்கள். மழைக்காலத்து ஈரக்காற்றில் டப்பாவில் சொல்லியிருப்பதைவிட மெதுவாகவே உலரும். கையில் ஒட்டவில்லை என்பதற்காக உடனே புத்தகத்தை அடுக்க வேண்டாம். ஒரு வாரம் பொறுத்தால் சாயம் நன்றாக இறுகும்.

சிறு பிள்ளை பூசினால் திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். தரையிலும் சிந்தும், தலைமயிரிலும் ஒட்டும். பழைய சாக்கை விரித்துவிட்டுப் பேசாமல் இருங்கள். பிள்ளை தூங்கியபின் அதன் பூச்சை அழித்துவிட்டு நாம் அழகாகப் பூசிவைத்தால், காலையில் எழுந்து பார்க்கும் அந்த முகம் வாடிவிடும். 'என் வேலை போதாது' என்று அது கற்றுக்கொள்ளும். மேசை சற்று அழகு குறைந்திருந்தால் என்ன குறைந்துவிடும்?

கடைசி அலங்காரமாக, மேல்பலகையின் ஓரத்தில் 30 சென்டிமீட்டர் வரை அளவுக்கோடுகள் வரையலாம். சுற்றி உயிரெழுத்துகள் பன்னிரண்டையும் எழுதலாம். தம்பிக்காக அக்காள் எழுதிய 'அ'வும் 'ஆ'வும், தம்பி படிக்கத் தொடங்கும் நாளில் அவனுக்காகக் காத்திருக்கும்.

பிள்ளை வளர்ந்து 120 சென்டிமீட்டரைத் தாண்டியதும் மேசையை 6 சென்டிமீட்டரும் விசிப்பலகையை 4 சென்டிமீட்டரும் உயர்த்த வேண்டும். 36 நீளமும் 6 உயரமும் உள்ள இரு கட்டைகளை மேசையின் இரு பக்கமும் கால்களுக்கு அடியில் குறுக்காக வைத்து, கீழிருந்து நீண்ட திருகாணியால் முடுக்குங்கள். விசிப்பலகைக்கு 19 நீளமும் 4 உயரமும் உள்ள கட்டைகள். வீடு மாற்றிப் போக நேர்ந்தாலும் கவலையில்லை. மேல்பலகையைக் கழற்றிச் சட்டத்தோடு கட்டி ஏற்றிவிடலாம்.

மேசை வைக்கவே இடமில்லாத வீடும் உண்டு. அவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. அந்நாளில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் செட்டியார்களின் கிட்டங்கிகளில் பெரிய பெரிய கணக்கெல்லாம் தரையில் சப்பணமிட்டு, முன்னால் வைத்த சிறு மரப்பெட்டியின் மேல்தான் எழுதப்பட்டன. அதுபோல ஒரு சாய்வுப்பலகையை, பின்பக்கம் சற்று உயரமாகவும் முன்பக்கம் தாழ்வாகவும் இருக்கும்படி செய்து கொடுங்கள். எழுதி முடித்தால் சுவரில் சாய்த்து வைத்துவிடலாம். இடம் சிறிதாயினும் பிள்ளைக்கு அது சொந்தமாக இருப்பதே முக்கியம்.

மேசை செய்த கை அடுத்து அலமாரி செய்யத் துடிக்கும். நல்லதுதான். ஆனால், புத்தக அலமாரியைத் தனியாக நிற்கவிட வேண்டாம். குழந்தைகள் அதை ஏணியாக நினைத்து ஏறுவார்கள், அது அவர்கள்மேல் சாயும். பலகைச் சுவராக இருந்தால் பலகையில் அல்ல, சுவரின் தூணில் திருகாணி போட்டுப் பிணைத்துவிடுங்கள். தொட்டிலோ கட்டிலோ செய்வதானால், கம்பிகளுக்கு இடையே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் அபாயம் அதில் இருக்கிறது. விளையாட்டுச் சாமான் பெட்டிக்குக் கனமான மூடி வேண்டாம்.

ஒரு வீட்டில் ஒரு மேசை வந்துவிட்டால் அடுத்த வீட்டுப் பிள்ளையும் வந்து நிற்கும். அப்போது கருவியும் கையும் பழகியிருக்கும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் முன்வந்தால், துண்டு மரங்களை மொத்தமாகக் கேட்டு வாங்கி, ஒரு பள்ளி விடுமுறைக்குள் பத்து மேசைகள் செய்துவிடலாம். தகப்பன் இல்லாத வீட்டுக்கு முதல் மேசையைக் கொடுப்போம்.

ஒரே ஒரு வேண்டுகோள். மேசை முடிந்த பிறகு அதன்மேல் அழுக்குத் துணியும் மருந்துப் புட்டியும் சோற்றுப்பானையும் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாலையில் ஒரு மணி நேரம் தொலைக்காட்சியின் ஓசையையும் கைப்பேசியின் ஓசையையும் அடக்கி வையுங்கள். பக்கத்தில் விசிப்பலகையின் ஓரத்தில் அமர்ந்து, "இன்னிக்கு என்னம்மா எழுதினே, படிச்சுக் காட்டு" என்று கேளுங்கள். எழுத்துத் தெரியாவிட்டாலும் கேட்கலாம். கேட்பதற்குக் காது போதும். பிள்ளை படித்துக் காட்டும். நாம் அறுத்த பலகையின் மேல், நம் பிள்ளை எழுதிய வரியை, அதன் வாயாலேயே நாம் கேட்போம்.

வரும் ஓய்வு நாளில் ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு முதலில் பிள்ளையை அளந்து பாருங்கள். மற்ற வேலைகள் தாமாகவே தொடரும்.